லுயித் கரையின் பாடகர்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்தின் ஆண்டு விழா மேடையில் கம்பரைப் பற்றியோ, இளங்கோவடிகளைப் பற்றியோ, பாரதியாரைப் பற்றியோ உரை நிகழ்வது வழக்கம். இவ்வாண்டு அம்மரபினின்றும் சற்றே விலகி, நாம் குடியேறி வாழும் இந்த அசாம் மண்ணின் பாடகர் ஒருவரைப் பற்றிப் பேசத் துணிந்துள்ளோம். தமிழ்ச் சங்கத்தில் வேற்றுமொழிப் பாடகரைப் பற்றிய பேச்சு எதற்கு என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். வினவட்டும். விடை பேச்சின் போக்கிலேயே கிடைக்கும் என்று நம்புகின்றோம்.

சித்திரை முதல் நாளன்று நம் வீடுகளில் மாங்காயும் வெல்லமும் வேப்பம்பூவும் கலந்து பச்சடி செய்யும் அதே வேளையில், அடுத்த தெருவில் ரங்காலி பிகுவின் கொட்டு முழங்குகின்றது. அவர்களுக்கும் அதுவே புத்தாண்டு. அந்நாட்களில் ஒலிபெருக்கி தோறும் ஒரு கனத்த, ஆழ்ந்த குரலைக் கேட்கின்றோம். நம் பிள்ளைகள் அக்குரலுக்கு உரிய பாடல்களை மனப்பாடமாகப் பாடுகின்றனர். வீட்டுப் பெரியவர்களுக்கோ அவற்றின் பொருள் தெரிவதில்லை. அக்குரலுக்கு உரியவர் டாக்டர் பூபேன் ஹசாரிகா. 2011ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் பிறந்த நூறாவது ஆண்டு 2026 செப்டம்பரில் நிறைவெய்துகின்றது.

விருதுகள் குவிந்த முதியவரைப் பற்றி நாம் இங்கு மிகுதியாகப் பேசப் போவதில்லை. நாட்டுப் பாடகன் ஒருவன் எவ்வாறு முளைத்தெழுகின்றான், எந்த நீர் அவனை வளர்க்கின்றது என்பதே நம் பொருள். ஆகவே, அவருடைய முதல் நாற்பது ஆண்டுகளிலேயே பெரும்பாலும் தங்குவோம்.

1926ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள், அசாமின் வடகிழக்குக் கோடியில் உள்ள சதியா என்னும் ஊரில் அவர் பிறந்தார். லோகித், திபாங், சியாங் ஆகிய ஆறுகள் மலையினின்றும் இறங்கி வந்து ஒன்றாகிப் பிரம்மபுத்திரா என்று பெயர் பெறும் இடத்தை அடுத்தது அவ்வூர். ஆற்றைப் பாடப் பிறந்தவனுக்கு ஆறு பிறக்கும் இடமே பிறப்பிடமாக வாய்த்தது. ஆனால் அந்தப் பழைய சதியாவை இன்று எவரும் காண இயலாது. 1950 ஆகஸ்டு 15ஆம் நாள் அசாமை உலுக்கிய பெரு நிலநடுக்கத்தைத் தொடர்ந்து வந்த வெள்ளங்கள் அவ்வூரை அரித்துக் கொண்டுபோயின. மகன் அப்பொழுது கடல் கடந்து நியூயார்க்கில் கல்வி பயின்றுகொண்டிருந்தார்.

தந்தையார் நீலகாந்த ஹசாரிகா, தாயார் சாந்திப்பிரியா. பத்துக் குழந்தைகளுள் பூபேனே மூத்தவர். பிழைப்பை நாடிக் குடும்பம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. 1929இல் குவாகத்தி, 1932இல் துப்ரி, 1935இல் தேஜ்பூர். வேலை மாற்றலின் பொருட்டு மூட்டை கட்டிப் பழகிய நம் குடும்பங்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஊர் மாறினாலும் தாயின் தாலாட்டு மாறவில்லை. அத்தாலாட்டுகளோடு, பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் சங்கரதேவரும் அவர்தம் மாணாக்கர் மாதவதேவரும் இயற்றிய பக்திப் பாடல்களாகிய 'பர்கீத்'துகளையும் தாயார் அவருக்குப் புகட்டினார். தேவாரமும் திருவாய்மொழியும் நமக்கு எத்தகையனவோ, பர்கீத் அசாமியருக்கு அத்தகையது.

தேஜ்பூரில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் சிறுவன் பூபேன் ஒரு பர்கீத் பாடினான். அவையில் இருவர் இருந்தனர். ஒருவர் ஜோதிபிரசாத் அகர்வாலா. மற்றவர் பிஷ்ணு பிரசாத் ராபா. முன்னவர் 1935இல் 'ஜாய்மதி' என்னும் முதல் அசாமியத் திரைப்படத்தை எடுத்தவர். கவிஞர், நாடக ஆசிரியர், இசைவாணர், விடுதலைப் போராட்ட வீரர். பின்னவர் பாடகர், ஓவியர், நடனக் கலைஞர். மலைமக்கள், சமவெளி மக்கள் அனைவரின் கலைகளையும் தேடித் திரட்டியவர். பின்னாளில் புரட்சி இயக்கத்தில் ஈடுபட்டுத் தலைமறைவு வாழ்க்கையும் சிறைவாழ்க்கையும் கண்டவர். இவ்விருவரும் சிறுவனின் குரலைக் கேட்டு, அதனைத் தம் பொறுப்பாக ஏற்றுக்கொண்டனர். 1936இல் பத்து வயதுப் பாலகனாகக் கல்கத்தாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டு, பூபேன் தம் முதல் இசைத்தட்டுக்குப் பாடினார். 1939இல் ஜோதிபிரசாத் எடுத்த 'இந்திரமாலதி' என்னும் படத்தில் இரண்டு பாடல்களைப் பாடினார். பதின்மூன்று வயதில் தாமே ஒரு பாட்டை எழுதினார். அதிலே தம்மை ஒரு தீப்பொறியாக உருவகம் செய்துகொண்டார். சிறுவர்கள் பாட்டெழுதுவது அரிதன்று. எழுதியது நிலைபெறுவதே அரிது. அந்தப் பாட்டு இன்றும் அசாமில் மேடை தோறும் பாடப்படுகின்றது.

இங்கே ஒரு செய்தியைச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும். அசாமியக் கலையின் அரசிளங்குமரன் என்னும் பொருளில் 'ரூப்கொன்வர்' என்று இம்மக்கள் போற்றும் ஜோதிபிரசாத் அகர்வாலாவின் முன்னோர் அசாமியர் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜஸ்தானத்திலிருந்து வாணிகம் செய்ய வந்து இங்கே வேரூன்றிய குடும்பம் அது. பேரன், கொள்ளுப்பேரன் காலத்தில் அக்குடும்பம் அசாமிய இலக்கியத்துக்கும் இசைக்கும் தூணாயிற்று. இன்னும் பின்னே சென்றால், பதினேழாம் நூற்றாண்டில் மேற்குத் திசையிலிருந்து வந்து, அசாமிய மொழியிலேயே 'ஜிகிர்' என்னும் இசுலாமியப் பக்திப் பாடல்களை இயற்றிய அஜான் பக்கீர் இருக்கின்றார். இந்த மண்ணின் பாட்டை வளர்த்தவர்களுள் வந்தேறிகளும் உண்டு என்பதை, வந்தேறிகளாகிய நாம் குறித்துக்கொள்ளல் தகும்.

குவாகத்தி காட்டன் கல்லூரியில் 1942இல் இன்டர்மீடியட் தேறிய பின், காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் 1944இல் பி.ஏ.யும், 1946இல் அரசியல் அறிவியலில் எம்.ஏ.யும் பெற்றார் பூபேன். பின்னர்ச் சிறிது காலம் குவாகத்தி வானொலி நிலையத்தில் பணி. 1949இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகை கிடைக்கவே, நியூயார்க்குக்குக் கப்பலேறினார். இந்தியாவில் முதியோர் கல்விக்குக் காட்சி, ஒலிக் கருவிகளைப் பயன்படுத்துவது எவ்வாறு என்பதைப் பற்றி ஆய்வுரை எழுதி 1952இல் டாக்டர் பட்டம் பெற்றார். எழுத்தறியா மக்களிடம் செய்தியைக் கொண்டுசேர்ப்பது எப்படி என்பதே அந்த ஆய்வின் சாரம். அவர் பிற்காலத்தில் செய்ததும் அதுவேதான். படக்கருவிக்குப் பதிலாகப் பாட்டைக் கைக்கொண்டார்.

நியூயார்க்கில் பால் ராப்சனின் நட்பு அவருக்குக் கிட்டியது. ராப்சன் கறுப்பின மக்களின் பெருங்குரல். இனவெறியை எதிர்த்துப் பேசியமைக்காகவும் இடதுசாரிச் சார்புக்காகவும் அமெரிக்க அரசாங்கம் 1950இல் அவருடைய கடவுச்சீட்டைப் பறித்தது. 1958 வரை அவர் வெளிநாடு செல்ல முடியாதிருந்தது. இசை என்பது சமுதாயத்தை மாற்றும் கருவி என்னும் எண்ணத்தை ராப்சனிடமிருந்தே பெற்றதாக ஹசாரிகா பல முறை சொல்லியிருக்கின்றார். ராப்சன் பாடிப் புகழ்பெற்றது மிசிசிப்பி ஆற்றைப் பற்றிய ஒரு பாட்டு. 1927ஆம் ஆண்டின் 'ஷோ போட்' என்னும் இசை நாடகத்துக்காக ஆஸ்கார் ஹாமர்ஸ்டைன் எழுதி ஜெரோம் கெர்ன் இசையமைத்தது. மூட்டை சுமந்து களைத்த கறுப்புத் தொழிலாளியின் ஏக்கமாக முதலில் அமைந்த அப்பாட்டை, ராப்சன் தாமே சொற்களை மாற்றிப் போராட்டப் பாட்டாகப் பாடத் தொடங்கினார். அந்தப் பாட்டின் உயிரை எடுத்து, தம் பிரம்மபுத்திரையின் மேல் ஏற்றி, 'பிஸ்தீர்ண பாரரே' என்னும் பாட்டைப் படைத்தார் ஹசாரிகா. இரு கரையிலும் எண்ணற்ற மக்கள் அல்லலுறுவதைக் கண்டும் காணாததுபோல் ஏன் ஓடுகின்றாய் என்று ஆற்றையே கூண்டில் ஏற்றும் பாட்டு அது.

இதில் நுட்பம் ஒன்று உண்டு. காவிரியையும் கங்கையையும் தாயாகக் கண்டு பழகியவர்கள் நாம். பிரம்மபுத்திராவோ ஆண் ஆறு, பிரம்மனின் புதல்வன். அசாமியர் அதனை லுயித் என்றும், கிழட்டு லுயித் என்றும் உரிமையோடு அழைப்பர். மிசிசிப்பியையும் அமெரிக்கக் கறுப்பின மக்கள் கிழவனாகவே பாடினர். இரு கிழவர்களும் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டனர் போலும்! அதனால்தான் அப்பாட்டு மொழிபெயர்ப்பு வாடையின்றி அசாமில் பொருந்திற்று. பின்னர் அவரே அதனை வங்காளத்திலும் இந்தியிலும் பாடியபொழுது ஆறு கங்கையாயிற்று. தாயைப் பார்த்துக் கேட்கும் கேள்வியின் தொனி வேறு. தாத்தாவைப் பார்த்துக் கேட்கும் கேள்வியின் தொனி வேறு. கங்கைப் பாட்டே நாடறிந்தது எனினும், நம் காதுக்கு லுயித் பாட்டே கூடுதல் உரம் உடையதாகப் படுகின்றது.

அசாமின் தலையாய ஆற்றுப்பாட்டுக்கு வித்து அசாமில் விழவில்லை என்பதை நினைத்துப் பார்க்கும்பொழுது, ஊரைவிட்டு வந்த நமக்கு ஓர் உறவு தோன்றுகின்றது. உள்ளூரில் இருக்கும்பொழுது வாய்க்கால் வெறும் வாய்க்காலே. ஆயிரம் கல் தள்ளி வந்த பிறகுதான் அதன் சலசலப்பு காதில் கேட்கத் தொடங்குகின்றது.

1953இல் தாயகம் திரும்பியவர், குவாகத்திப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். ஆனால் வகுப்பறை அவரை நெடுங்காலம் கட்டி வைக்கவில்லை. 1955இல் குவாகத்தியில் கூடிய இந்திய மக்கள் நாடக மன்றத்தின் அசாம் மாநாட்டுக்கு வரவேற்புக் குழுச் செயலாளராக நின்று உழைத்தார். பல்கலைக்கழக வேலையைத் துறந்து கல்கத்தாவுக்குச் சென்றார். 1956இல் 'எரா பாட்டர் சுர்' என்னும் தம் முதல் படத்தை எடுத்தார். கைவிடப்பட்ட வழியின் இசை என்பது அப்பெயரின் பொருள். லதா மங்கேஷ்கரை அதில் அசாமிய மொழியில் பாடவைத்தார். இதனினும் பெரிதாக நாம் கருதுவது வேறொன்று. கௌரிபூர் ஜமீன் குடும்பத்துப் பெண்ணாகிய பிரதிமா பருவா, யானைப் பாகர்களும் வண்டியோட்டிகளும் பாடும் கோவால்பாரா நாட்டுப் பாடல்களைக் கற்று வீட்டளவில் பாடிவந்தார். அவர் குரலைக் கேட்ட ஹசாரிகா, அதனைத் தம் படத்தின் வழியே உலகுக்கு அறிமுகம் செய்தார். அதுவரை பட்டிக்காட்டுப் பாட்டென்று படித்தவர்கள் ஒதுக்கிய அப்பாடல்கள் அதன் பின் அவையேறின. ஜோதிபிரசாத் தமக்குச் செய்ததை அவர் இன்னொருவருக்குச் செய்தார்.

இனி அவருடைய பாட்டின் அமைப்பைப் பற்றிச் சிறிது. எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர் மூவரும் ஒருவரே. நம் நாட்டில் ஏறக்குறைய அதே காலத்தில் உழைப்பாளியின் வாழ்வைப் பாடிய பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதினார், பிறர் மெட்டமைத்தனர், பிறர் பாடினர். இருபத்தொன்பது வயதிலேயே, 1959இல் அவர் மறைந்ததும் நம் தீவினை. ஹசாரிகாவுக்கு நீண்ட ஆயுளும் கணீரென்ற குரலும் கூடவே வாய்த்தன.

அவருடைய பல்லக்குப் பாட்டை எடுத்துக்கொள்வோம். செல்வரைச் சுமந்து மேட்டிலே ஏறும் பல்லக்குத் தூக்கிகளின் பாட்டு அது. உள்ளே பட்டாடை பளபளக்கின்றது. வெளியே தோள் எரிகின்றது. வீட்டில் பிள்ளைக்குப் பிகுவுக்கு ஒரு துணி வாங்கித் தர இயலாத ஏழ்மை. கண்ணீர் வந்தாலும் நடை தளரலாகாது. தளர்ந்தால் பல்லக்குச் சரியும். இவ்வளவையும் தூக்கிகள் மூச்சு வாங்கும் தாளத்திலேயே அமைத்திருக்கின்றார். நம் ஊரில் கவலை இறைப்போரும் ஏற்றம் மிதிப்போரும் சாலை எண்ணி எண்ணிப் பாடுவார்களே, அந்த எண்ணிக்கைதான் பாட்டின் எலும்பு. உழைப்பில் பிறந்த தாளத்துக்கு வெளியிலிருந்து தாளக்கட்டு வேண்டுவதில்லை. பல்லக்குத் தூக்கிகள் மறைந்துவிட்ட காலத்திலும் அப்பாட்டு மறையாதிருப்பதன் காரணம், சுமப்பவரும் சுமக்கப்படுபவரும் இன்னும் மறையவில்லை என்பதுதான்.

தேயிலைத் தோட்டத்தையும் அவர் விடவில்லை. ஒரு கொழுந்தும் இரண்டு இலையுமாகக் கிள்ளும் பெண்களைப் பற்றி, அவர்களுடைய ஜுமுர் மெட்டிலேயே பாடினார். அத்தோட்டங்களுக்குச் சோட்டா நாகபுரியிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும், பழைய சென்னை மாகாணத்தின் வடகோடியாகிய கஞ்சம் முதலிய இடங்களிலிருந்தும் ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். நாம் மேசையில் அமர்ந்து செய்யும் வேலைக்கு வந்தோம். அவர்கள் கூடையோடு வந்தார்கள்.

இவையெல்லாம் நாட்டுப் பாடல் ஆகுமா என்று கேட்பவர் உளர். நாட்டுப் பாடலுக்கு ஆசிரியர் பெயர் இராது. இவருடைய பாட்டுகளுக்கோ பெயரும் உண்டு, இசைத்தட்டும் உண்டு என்பது அவர்கள் வாதம். இலக்கணப்படி அது சரியே. ஆயினும் பிகு, பர்கீத், ஓடக்காரர் பாட்டு, ஜுமுர் ஆகிய நான்கு ஊற்றின் நீரும் கலந்த பாட்டை, எழுதியவன் யார் என்று அறியாமலே நாற்று நடுபவள் பாடுவாளாயின், அதற்கு வேறு என்ன பெயர் இடுவது? ஆசிரியர் உயிரோடிருக்கும்பொழுதே நாட்டுப் பாடலாகிவிட்ட பாட்டுகள் அவை.

இப்பொழுது 1960ஆம் ஆண்டுக்கு வருவோம். விழா மேடையில் சொல்லத் தயங்கும் செய்தி. சொல்லாது விடலும் தகாது. அசாமிய மொழியை மாநில ஆட்சிமொழியாக்க வேண்டும் என்ற கிளர்ச்சி அவ்வாண்டு சூடேறிற்று. ஜூலையில் பிரம்மபுத்திராப் பள்ளத்தாக்கில் கலகம் மூண்டது. வங்காளிகளின் வீடுகள் எரிந்தன. பல்லாயிரவர் ஊரைவிட்டு ஓடினர். அக்டோபரில் சட்டம் நிறைவேறியது. மறு ஆண்டு மே 19ஆம் நாள், வங்காள மொழிக்காகச் சில்சாரில் கிளர்ச்சி செய்தவர்கள்மீது போலீசார் சுட்டதில் பதினொருவர் மாண்டனர். அதன் பின்னரே கச்சார் மாவட்டத்தில் வங்காளத்துக்கு இடம் தரப்பட்டது. தாய்மொழிக்காக உயிர் கொடுப்பது எத்தகையது என்பதைத் தமிழர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. 1965ஆம் ஆண்டு நமக்கும் உண்டு. அசாமியர்க்கு அவர்தம் மொழி அழிந்துவிடுமோ என்ற அச்சம். வங்காளிக்குத் தன் வீடு எரிகின்றதே என்ற துயரம். இரண்டும் மெய்யே. இரயில்வேயிலும் அதன் பின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்திலும் வேலைக்கென நம்மவர் இங்கே வரத் தொடங்கிய காலமும் அதுவே.

அந்த நெருப்பு அடங்குமுன், ஹேமாங்க பிஸ்வாஸ் என்னும் சில்ஹெட் பகுதியைச் சேர்ந்த வங்காளி நாட்டுப் பாடகரும், அசாமியப் பாடகராகிய பூபேன் ஹசாரிகாவும் கைகோத்தனர். இருமொழிக் கலைஞர்களையும் திரட்டிக்கொண்டு, கலகம் நடந்த ஊர்களுக்கே சென்றனர். இரண்டு ஏழை உழவர்கள் தம் துன்பத்தைச் சொல்லிக்கொள்ளும் பாட்டு ஒன்றைக் கட்டினர். ஹாராதன் என்னும் வங்காளி வங்காளத்திலே பேசுகின்றான். ரங்மன் என்னும் அசாமியன் அசாமிய மொழியிலே விடை சொல்கின்றான். எவனும் தன் மொழியை விடவில்லை. எவனும் மற்றவன் மொழியை இகழவில்லை. ஒரே மெட்டில் இரண்டு மொழியும் நடக்கின்றன. தம்முள் பகைத்திருந்த மக்கள் அருகருகே அமர்ந்து அதனைக் கேட்டனர்.

பாட்டு கலவரத்தை நிறுத்தியது என்று நாம் கதை கட்டப் போவதில்லை. சட்டத்தைப் பாட்டு மாற்றவில்லை. எரிந்த கூரையை அது வேயவில்லை. பிற்பட்ட ஆண்டுகளில் இதே பள்ளத்தாக்கு இன்னும் கொடிய நாட்களைக் கண்டது. ஆனால் புகழ் ஏறிக்கொண்டிருந்த முப்பத்து நான்கு வயதுப் பாடகனுக்கு அந்நாளில் எளிய வழி ஒன்று இருந்தது: தன் இனத்தாரின் சினத்தைப் பாடியிருக்கலாம். கைதட்டல் மிகுதியாகவே கிடைத்திருக்கும். அதனை விடுத்து அவர் ஹேமாங்கரோடு வண்டியேறினார். நம் கணக்கில், பின்னே வந்த பட்டங்கள் அனைத்தையும்விட அப்பயணமே எடை மிக்கது.

எஞ்சிய வாழ்வை விரைந்து சொல்லிவிடுவோம். 'சகுந்தலா' (1961), 'பிரதித்வனி' (1964), 'லோட்டிகோட்டி' (1966) ஆகிய படங்கள் தேசிய விருது பெற்றன. 1967இல் நவ்பைச்சாத் தொகுதியில் சுயேச்சையாக நின்று வென்று, 1972 வரை சட்டமன்றத்தில் இருந்தார். 1992இல் தாதாசாகேப் பால்கே விருது. 1993இல் வந்த 'ருதாலி' என்னும் இந்திப் படத்தில், ராஜஸ்தானப் பாலைவனத்தில் ஒலிக்கும் புகழ்பெற்ற ஒரு பாட்டுக்குத் தம் பழைய அசாமிய மெட்டையே தந்தார். ஜோதிபிரசாத்தின் முன்னோர் விட்டுவந்த நாட்டுக்கு அசாமின் மெட்டு ஒன்று திரும்பிச் சென்றது! 2004இல் பாரதீய ஜனதாக் கட்சியின் வேட்பாளராகக் குவாகத்தியில் மக்களவைக்கு நின்றபொழுது தோற்றார். அவர் பாட்டில் தோய்ந்த பலரும் அம்முடிவை விரும்பவில்லை. 2011 நவம்பர் 5ஆம் நாள் பம்பாயில் காலமானார். குவாகத்தியில் இலட்சக்கணக்கானோர் வரிசையில் நின்று முகம் பார்த்தனர். 2017இல் சதியாவுக்கு லோகித் ஆற்றின்மேல் 9.15 கிலோமீட்டர் நீளப் பாலம் திறக்கப்பட்டு அவர் பெயரைப் பெற்றது. 2019இல் பாரத ரத்னா அளிக்கப்பட்டது.

அன்பர்களே, நம் காலனிச் சிறுமியர் எழுவர் அவருடைய ஆற்றுப்பாட்டை அசாமிய மொழியிலேயே பாடக் காத்திருக்கின்றனர். எதிர்வரிசை வீட்டு அசாமிய அம்மையார் ஒரு திங்களாக மாலை தோறும் சொல்லிக்கொடுத்தார். சொற்களைப் பிள்ளைகள் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டுள்ளனர். அசாமியர் தொண்டையிலிருந்து எழுப்பும் அந்த 'ஹ' ஒலிக்கு எந்த எழுத்தைப் போடுவது என்பதில் அவர்களுக்குள் இன்னும் வழக்குத் தீரவில்லை. மூவர் ஒரு விதமாகவும் நால்வர் வேறு விதமாகவும் பாடக்கூடும். அம்மையாரும் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். ஆர்மோனியம் மேடைக்கு வந்துவிட்டது. குழந்தைகளுக்கு இடம் விட்டு இறங்குகின்றோம்.